ஜெர்மன்காரரின் முறை

அவர் எந்த நாற்காலியிலும் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில்தான் உட்காருவார், யாராவது வந்தால் எழுந்து இடம் கொடுக்கத் தயாராக இருப்பவர் போல. ஏன் இப்படி என்று கேட்டால், "கதிரை சூடாகிறதுக்கு முதல் எழும்பவேணும் ஐசே. சூடாகினாப் பிறகு எழும்ப மனம் வராது" என்பார்.

ஜுபைல் கேம்பில் எங்களோடு ஓர் அறையில் இருந்தார். பாஸ்போர்ட் இலங்கை, பேச்சு யாழ்ப்பாணம், யாரைக் கூப்பிட்டாலும் 'ஐசே'. ஆனால் கை நசுங்கினாலோ கால் இடறினாலோ அவர் வாயில் வருவது ஜெர்மன். அதனால் கேம்பில் அவருக்கு ஜெர்மன்காரர் என்றே பெயர். பாகிஸ்தானி டிரைவர்கள்கூட 'ஜெர்மன் பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூர், பம்பாய், மஸ்கட், தோஹா என்று வேலை இருந்த பக்கமெல்லாம் போயிருக்கிறேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் ஆனால் எனக்குக் கால் அரிக்கும். இப்போது துபாயில், கராமாவில் ஒரு ஹோட்டலில் பார்சல் கட்டுகிறேன். எத்தனையோ அறைகளில் எத்தனையோ பேரோடு படுத்து எழுந்திருக்கிறேன். பாதிப் பேர் முகம் நினைவில் இல்லை. இவரை மட்டும் மறக்க முடியவில்லை.

அந்த அறையில் இரட்டைக் கட்டில்கள் நான்கு, ஆட்கள் எட்டு. ஏசிக்கு நேர் எதிரே இருந்த கீழ்க்கட்டில் செல்வத்துடையது. பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், கேம்ப் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவன், குரல் பெரியது. கதவோரத்து மேல்கட்டில் முருகேசனுடையது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தவன், கேட்டால் ஒழியப் பேசமாட்டான். ஏசிக் காற்று அங்கே போய்ச் சேராது. கோடையில் ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுப்பான், விடிவதற்குள் அது காய்ந்து மொடமொடவென்று இருக்கும். இதில் எங்களுக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. முன்னால் வந்தவனுக்கு நல்ல இடம், பின்னால் வந்தவனுக்கு மிச்சம். வளைகுடாவில் எல்லா அறையிலும் அதுதான் வழக்கம்.

ஜெர்மன்காரர் வந்த முதல் வெள்ளிக்கிழமை, பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, "சாப்பிட்டாப் பிறகு ஒரு கூட்டம் வைப்பமோ?" என்றார்.

"என்ன கூட்டம்? சீட்டா?" என்றான் செல்வம்.

"அறைக் கூட்டம். கட்டில் எல்லாம் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாறவேணும் எண்டு நான் ஒரு யோசனை வைக்கிறன். விருப்பமான ஆக்கள் கை உயர்த்தலாம்."

செல்வம் எலும்பைத் தட்டில் போட்டான். "யோவ் ஜெர்மன், வந்து முழுசா ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள என் கட்டில்ல கண்ணு வச்சிட்டியா?"

"எனக்கில்லை. நான் வரிசையிலை கடைசி ஆள். அந்தக் கட்டில் என்னட்டை வர ரெண்டு வருசத்துக்குக் கிட்ட ஆகும்."

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. முருகேசன் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் பெரியவர்களுக்கு என்று நினைத்தானோ என்னவோ. ஜெர்மன்காரர் அவன் பக்கம் திரும்பி, "உம்மட கையும் கைதான்" என்றார். பருக்கை ஒட்டிய கையை அவன் மெல்லத் தூக்கினான். செல்வம் தோற்றான். ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, கெட்ட வார்த்தைகள் சொல்லிக்கொண்டே படுக்கையைச் சுருட்டினான். வரிசை கதவோரத்திலிருந்து தொடங்கியது. ஏசிக்கு எதிரே படுத்த முதல் நாள், முருகேசன் குளிர் தாங்காமல் இரண்டு போர்வை கேட்டான்.

கட்டிலில் தொடங்கியது சமையலுக்குப் போனது, கக்கூஸ் கழுவுவதற்குப் போனது. கேம்ப் பாஸிடம் போய் அறைக்காகப் பேசுவதும் முறை வைத்து மாறியது. முன்பெல்லாம் செல்வம்தான் பேசுவான். அவன் கேட்டதுதான் அறை கேட்டது என்று ஆகும்.

கூட்டத்தில் பேசுவதற்கும் ஒழுங்கு வைத்திருந்தார். ஜெர்மனியில் அவர் ஒரு கட்சியில் இருந்தவர். அங்கே ஒரு பெண் பேசினால் அடுத்து ஓர் ஆண், பிறகு ஒரு பெண் என்று மாறி மாறித்தான் பேசவேண்டுமாம். பெண்கள் வரிசை தீர்ந்துவிட்டால், ஆண்கள் தொடர்ந்து பேசலாமா என்று பெண்களிடம்தான் கேட்கவேண்டுமாம். "இங்க பொம்பளைக்கு எங்கண்ணே போறது?" என்றோம். அவர் யோசித்து வேறு மாதிரி மாற்றினார். வாயுள்ளவன் ஒருவன் பேசினால் அடுத்து வாயில்லாதவன் ஒருவன் பேசவேண்டும். அவன் பேசும்வரை மற்றவர்கள் காத்திருக்கவேண்டும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் முருகேசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிப்போனது. கடைசியில் அவன், "செல்வண்ணன் ஆக்குனா சோறு கொழையுதுங்க" என்றான். அறையே சிரித்தது. செல்வமும் சிரித்தான். இத்தனை வருடம் குழைந்த சோற்றைத்தான் எல்லோரும் தின்றிருக்கிறோம், யாரும் சொன்னதில்லை.

அவருடைய கட்சியின் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. பஸ்ஸில் கொஞ்சம், வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம். கட்சியே வேண்டாம் என்றிருந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய கட்சி என்பார். திராட்சை போடும் ஒரு கிராமத்தில் அணு உலை கட்ட வந்தபோது டிராக்டரைக் குறுக்கே நிறுத்திய விவசாயிகள், ஏவுகணை வேண்டாம் என்று தெருவில் கைகோத்து நின்றவர்கள், பெண்கள் சங்கங்கள், தாடி வைத்த மாணவர்கள். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாது. தலைவன் என்று ஒருவனை வைத்தால் எல்லாம் கெட்டுவிடும் என்ற ஒன்றில்தான் ஒத்துப்போனார்கள். அதனால் எல்லாப் பதவிக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். ஊர்க் கிளை, மாவட்டம், மாநிலம், நாடு என்று நான்கு படி. மேல்படி சொன்னதைக் கீழ்ப்படி கேட்கவேண்டும் என்று இல்லை. பாராளுமன்றத்துக்குப் போனவர்கள் பாதிக் காலத்தில் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். பிறகு நாட்டின் கிழக்குப் பாதி வந்து சேர்ந்தபோது, அங்கே அரசாங்கத்தை எதிர்த்து நின்ற ஆட்களும் இவர்களோடு சேர்ந்தார்கள்.

"பாதியில எழுந்திருக்கணுமா? எழுந்திருச்சானுங்களா?" என்று செல்வம் கேட்டான்.

"கன பேர் எழும்பினவை. சில பேர் மாட்டன் எண்டிட்டினம்."

"எங்க ஊர்ல வட்டச் செயலாளர எழுப்பணும்னாலே சங்கு ஊதணும்ணே."

அவர் சிரிக்காமல் சொன்னார்: "உண்மையைச் சொல்லவேணும். நான் சேருறதுக்கு முதலே கட்சி அந்தச் சட்டத்தை விட்டிட்டுது. சரிவராது எண்டு. எங்கட ஊர்க் கிளையிலை மட்டும் நாலைஞ்சு கிழடுகள் விடாமல் வைச்சிருந்தவை. நான் அவையளிட்டைப் பழகினனான்."

அவர் அந்தக் கட்சிக்குள் வந்த விதம் இது. சின்ன வயதில் சண்டைக்குத் தப்பி ஜெர்மனி போய், ஒரு சிறிய ஊரில் இத்தாலிக்காரன் ஹோட்டலில் கோப்பை கழுவினார். அந்த ஹோட்டலின் பின்னறையில் மாதம் ஒருமுறை கிளைக் கூட்டம். இவர் தண்ணீர் கொண்டுபோய் வைப்பார். ஒரு நாள் ஒரு கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெளிநாட்டவரும் உறுப்பினராகலாம், உட்கார் என்றாராம். சில மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு முறை வந்து பேசச் சொன்னபோது, பஸ் நிற்கும் இடத்தில் விளக்கு இல்லை, குளிர்காலத்தில் பெண்கள் இருட்டில் நிற்கிறார்கள் என்றார். அதைத் தீர்மானமாக எழுதி நகரசபைக்கு அனுப்பினார்கள். விளக்கு வந்தது. பிறகு இவரை நாட்டைவிட்டு அனுப்ப உத்தரவு வந்தபோது, அந்தக் கிளைக்காரர்கள்தான் பனியில் அலுவலக வாசலில் அட்டை பிடித்து நின்று இவரை மீட்டார்கள்.

தலைவருக்குப் பதில் கிளைக்கு இரண்டு பேச்சாளர்கள். ஒரு தடவை இவரும் ஒரு ஜெர்மன் பெண்ணும் தேர்வானார்கள். அந்தப் பெண்ணோடுதான் குடும்பம். ஒரு மகள் பிறந்தாள். தவணை முடிந்ததும் இவர் எழுந்துவிட்டார். எல்லோரும் இருக்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. அந்தப் பெண் எழவில்லை. மாவட்டம், மாநிலம் என்று போனாள். "அவ மேல போனா. நான் கோப்பை கழுவப் போனன்" என்று மட்டும் சொன்னார். சலிப்போ கோபமோ குரலில் இல்லை.

எனக்கு அவர்மேல் பயம்போல ஒன்று வந்தது மகளின் கதையைக் கேட்டபோதுதான். ஊரில் அவருடைய அம்மா படுக்கையில் விழுந்தார். அக்கா மூன்று வருடம் பார்த்தாள். "இனி என்ர முறை" என்று இவர் கிளம்பினார். மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். யாழ்ப்பாணத்தில் இறங்கிய கொஞ்ச நாளில் சண்டை மறுபடி மூண்டு பாதையை மூடிவிட்டார்கள். முயன்றிருந்தால் கப்பலில் வெளியேறியிருக்கலாம் என்று அவரே சொன்னார். ஆனால் அம்மா உயிரோடு இருந்தார், முறை முடியவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஜெர்மன் அனுமதி செல்லாது. செல்லாமல் போனது.

"அக்கா இன்னும் கொஞ்ச நாள் பாத்திருக்க மாட்டாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"பாத்திருப்பா. கேட்டால் ஓம் எண்டிருப்பா. அதாலைதான் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை விசாவுக்குப் போட்டார், கிடைக்கவில்லை. சொந்த ஊரிலிருந்து போட்டால் திரும்பி வரமாட்டான் என்று சந்தேகப்படுவார்கள், வளைகுடாவில் நிரந்தர வேலை இருந்து, கம்பெனி லெட்டர் கொடுத்தால் நம்புவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்காகத்தான் ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் ஜுபைலுக்கு வந்து டூல் ஸ்டோரில் நின்றார்.

மகள் பல வருடம் அவரோடு பேசவில்லை. அவர் எங்கள் அறைக்கு வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வர ஆரம்பித்தாள். அவருடைய போனில் திரை உடைந்திருந்ததால் என் போனில்தான் பேசுவார். இருபத்தைந்து வயதுப் பெண். அப்பாவின் நெற்றி, பூனைக் கண். என்னைப் பார்த்து "ஹலோ அங்கிள்" என்பாள். அவரோடு ஜெர்மனில் பேசுவாள். சிரிக்காமல் பேசுவாள். அவர் எழுந்து நின்றுகொண்டு பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை போனை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னண்ணே?" என்றேன்.

"அவளும் கட்சியிலை சேர்ந்திட்டாள். அதே கிளை. நகரசபைத் தேர்தலுக்கு ஆக்களைத் தெரிவு செய்யிற கூட்டம் வருது. முதலாம் இடம், மூண்டாம் இடம், அஞ்சாம் இடம் பொம்பிளையளுக்கு. இவள் மூண்டாம் இடத்துக்கு நிக்கிறாளாம்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "வந்து கூட்டத்திலை இருங்கோ எண்டு கேக்கிறாள். முதல் தரம் ஒண்டு கேக்கிறாள் ஐசே. இந்த முறையும் வராட்டி இனிக் கேக்க மாட்டன் எண்டும் சொல்லிப்போட்டாள்."

எல்லாம் சரியாக அமைந்தது. தூதரகத்தில் நேரம் கிடைத்தது. மற்றக் காகிதமெல்லாம் அங்கே கொடுத்தாயிற்று, கம்பெனியின் ஆட்சேபணை இல்லை என்ற லெட்டர் ஒன்றுதான் பாக்கி. ஆபீஸில் டைப் அடித்து மேனேஜர் கையெழுத்துக்கு வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். சாரத்திலிருந்து விழுந்து முட்டி போன பிறகு என்னை ஆபீஸில் டீ கொடுக்கப் போட்டிருந்தார்கள். மேனேஜர் மேசையில் அந்தக் காகிதம் இருந்த ஃபைலை நானே ஒரு நாள் மேலே எடுத்து வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது.

கேம்பில் குடிதண்ணீர்த் தொட்டி நாறியது. வாயில் வைத்தால் துருவும் அழுகலுமாக ஒரு வாடை. ஆட்களுக்கு வயிற்றுப்போக்கு. அடுத்த பிளாக்கில் ஒரு நேபாளிப் பையனைத் தூக்கிக்கொண்டுபோய் டிரிப் ஏற்றினார்கள். கேம்ப் பாஸ் மலையாளி. கேட்டால், "நாளே சரியாக்காம்" என்பார். நாளை வந்துகொண்டே இருந்தது.

அதற்குள் எங்கள் வரிசையில் எல்லா அறைகளும் எங்கள் வழக்கத்தைப் பிடித்திருந்தன. அறைக்கு ஒருவர். அந்த ஆட்கள் சேர்ந்து பிளாக்குக்கு ஒருவர், அதுவும் முறை வைத்து. நாங்கள் யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. கட்டில் மாற்றுகிறோம், பாத்ரூம் கழுவுகிறோம், அவ்வளவுதான். கேம்ப் பாஸ் மட்டும் ஒரு தடவை, "ஜெர்மனே, இவிடெ ராஷ்ட்ரீயம் வேண்டா, கேட்டோ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அரசியல் வேண்டாம் என்றாரே, அந்த நாட்டில் கட்சியும் கிடையாது, சங்கமும் கிடையாது. நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டாலே தலைவன் யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

மேனேஜரிடமே நேரில் போய்ச் சொல்லுவது என்று முடிவானது. அப்போது பிளாக்குக்காகப் பேசும் முறை ஜெர்மன்காரருடையது.

வெள்ளிக்கிழமை அறையில் கூட்டம். செல்வம்தான் ஆரம்பித்தான். "நான் ஒரு யோசனை வைக்கிறேன். ஜெர்மன் அண்ணன் போகக்கூடாது. லெட்டர் கையெழுத்தாகிற நேரம். மேனேஜர் மூஞ்சில போய் நிக்க வேணாம். அடுத்த ஆளு போகட்டும். கையத் தூக்குங்கடா."

எல்லாக் கையும் உயர்ந்தது. அவர் கை மட்டும் உயரவில்லை.

எங்கள் அறையில் அவருக்கு அடுத்த முறை முருகேசனுடையது. நாங்கள் அவனைப் பார்த்தோம். "நான் போறேங்க" என்றான். "இந்தியில சொல்லிடுவேன். தண்ணி நாறுதுன்னு சொல்றதுக்கு என்ன." யாரும் அவனைக் கேட்கவில்லை, வரிசைப்படி காத்திருக்கவும் இல்லை. தானாகவே சொன்னான்.

ஜெர்மன்காரர் கட்டில் நுனியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தார். "நன்றி. ஆனா இது என்ர முறை" என்றார்.

"ஓட்டுப் போட்டாச்சுண்ணே! உங்க சட்டந்தான!" என்று செல்வம் கத்தினான்.

"முறையை ஓட்டுப் போட்டு மாத்தேலாது. எனக்கு வசதியா இருக்கேக்கை மட்டும் முறை எண்டால் அதுக்குப் பேர் முறையில்லை. நான் விசாக்காரன், விலகுறன். நாளைக்கு ஒருத்தர் பிள்ளை பிறந்திருக்கு எண்டு விலகுவார். கடைசியிலை ஒண்டும் இல்லாதவன்தான் போய் நிப்பான்." முருகேசன் பக்கம் திரும்பினார். "உமக்கும் பிள்ளையள் இருக்கு."

"எம் புள்ள யாரும் கூட்டம் போடலீங்களே. உங்க பொண்ணு கூப்புடுது, போங்க" என்றான் முருகேசன்.

அவர் எழுந்து சட்டையைத் தேய்க்கப் போனார்.

மறுநாள் மேனேஜர் அறையில் நான் டீ வைக்கும்போது ஜெர்மன்காரர் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார். நேபாளிப் பையன் விஷயத்தைக் கேட்டு முகம் சுளித்தார். என் கண் முன்னாலேயே போனை எடுத்து, இன்றைக்கே தொட்டியைக் காலி செய்து கழுவு என்று யாரையோ திட்டினார். காரியம் முடிந்தது. ஜெர்மன்காரர் "தாங்க் யூ சார்" என்று திரும்பியிருந்தால் போதும்.

மேனேஜர் டீயை எடுத்துக்கொண்டே சும்மா கேட்டார்: "நீதான் லீடரா?"

ஆமாம் என்றாலும் தப்பித்திருப்பார், ஒரு திட்டோடு போயிருக்கும். இல்லை, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அனுப்பினார்கள் என்றிருந்தால் ஒன்றுமே இல்லை. அவர் முகம் மலர்ந்தது. "நோ சார், எங்களில் லீடர் இல்லை" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அறைக்கு ஒருவர், அறைகள் சேர்ந்து பிளாக்குக்கு ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம், கை உயர்த்தித் தீர்மானம். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் அவர் சொன்னது முழுவதும் புரிந்தது. படியை விரல்களால் காட்டினார். கீழ்ப்படி, மேல்படி. நான் டீத் தட்டோடு நின்று, நிறுத்துங்கள் என்று கண்ணால் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மேனேஜர் கப்பைக் கீழே வைத்தார். "அடுத்து யார்?" என்றார்.

அப்போதுதான் ஜெர்மன்காரருக்குப் புரிந்தது. வாயை மூடினார்.

"உனக்கு முன்னால் யார்? மற்ற அறைகளில் யார் யார்?"

"தெரியாது சார்."

மேனேஜர் அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு மேலே இருந்த அந்த ஃபைலிலிருந்து காகிதத்தை எடுத்து, கிழிக்கவில்லை, வேறு பக்கம் வைத்தார்.

இரண்டு நாளில் அவரை ஊருக்கு அனுப்ப எக்சிட் அடித்துவிட்டார்கள். மறுபடி அந்த நாட்டுக்குள் வரமுடியாதபடி. தொட்டி கழுவிவிட்டார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது. மற்ற அறைகளில் யாரையும் கேட்கவில்லை. அவர் ஒருவரே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதிக்கொண்டார்கள் என்று பிறகு ஆபீஸில் கேள்விப்பட்டேன்.

பெட்டி கட்டும்போது செல்வம் அழுதுகொண்டே திட்டினான். "யோவ், 'எஸ் சார்'னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? எதுக்குய்யா அவன்ட்ட போய்க் கத சொன்ன?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "அந்தாள் கேட்ட உடனை சந்தோசமாப் போச்சு. இத்தனை வருசத்திலை என்னட்டை ஒருத்தரும் கேட்டதில்லை, உங்கட ஒழுங்கு என்னெண்டு. அவர் அறியக் கேக்கிறார் எண்டு நினைச்சிட்டன்."

மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "அவளிட்டை நான் என்னெண்டு சொல்லுறது?" கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. தம்மாம் விமான நிலையத்துக்குப் போகிற பஸ். முருகேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் அவரோடு அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை என் போன் அடித்தது. மகள். பின்னால் ஓர் அறை, நாற்காலிகள், ஆட்கள் கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டம் அன்றைக்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஹலோ அங்கிள். பப்பா எங்கே? அவர் நம்பர் வேலை செய்யவில்லை. புறப்பட்டுவிட்டாரா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவளுடைய பை இருந்தது. இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். தண்ணீர் கெட்டுப்போனது. பையனுக்கு டிரிப். அப்பா போய் எங்களுக்காகப் பேசினார். கம்பெனி அவரைச் சிலோனுக்கு அனுப்பிவிட்டது. விசா இல்லை.

அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் கேட்டாள்: "வேறு யாரும் இல்லையா? இத்தனை பேரில் வேறு ஒருவரும் போயிருக்க முடியாதா?"

நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றி நின்றோம். நான் உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஒன்றுதான் கேட்கும். போகவேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம், அவராகத்தான் போனார். ஏழு வயதில் விட்டுப் போனதுபோலவே மறுபடியும்.

"நோ" என்றேன். "நோபடி. ஒன்லி பப்பா. பப்பா இல்லாமல் முடியாது."

அவள் கண்ணைத் துடைத்தாள். "ஓகே. ஓகே அங்கிள்" என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரை இருண்டது.

முருகேசன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் போறேன்னு சொன்னேனேண்ணே" என்றான்.

"சொன்னடா."

"அப்ப ஏன் யாருமில்லன்னு சொன்னீங்க? எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கு வேற எப்படிச் சொல்றது?"

அவன் வெளியே போய்விட்டான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை. யார் கூட்டவேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து இலங்கை நம்பர் ஒன்றிலிருந்து போன் வந்தது. அவர்தான். பின்னால் காகங்கள் கத்தின. முருகேசன் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி எப்பிடி?" என்று முதலில் கேட்டார்.

"நல்லா இருக்குண்ணே."

"அவள் எடுத்தவளோ?"

"எடுத்தாண்ணே."

"என்ன சொன்னனீர்?"

சொன்னேன். முருகேசன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, வேறு யாரும் இல்லை, நீங்கள் இல்லாமல் முடியாது என்று சொன்னேன் என்றேன்.

காகம் மட்டும் கேட்டது. ஒருவர் இல்லாமல் முடியாது என்ற பேச்சைத் தன் காதால் கேட்கப் பொறுக்காதவர். இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன்.

"அவள் நேற்று என்ர அக்கான்ர போனுக்கு எடுத்தவள்" என்றார். குரல் உடைந்திருந்தது. "கோவிக்கேல்லை. அழுதவள். மூண்டாம் இடம் கிடைச்சிட்டுதாம்." பிறகு மிகவும் மெதுவாக, "நீர் சொன்னது அப்பிடியே இருக்கட்டும் ஐசே. மாத்திச் சொல்லிப் போடாதையும்" என்றார்.

போனை வைத்தேன். முருகேசன் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கினான். "ஜெர்மன் அண்ணனா? என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

"தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டாரு" என்றேன்.